கைக்கு எட்டும் தூரத்தில்

பாம்பனுக்குப் பக்கத்தில் மண்டபம் என்கிற எங்கள் ஊரில் ஒரு சைக்கிள் கடை. கடை என்றால் தகரக் கொட்டகைதான். வாசலில் காற்றடிக்கும் பம்பு, பக்கத்தில் பஞ்சர் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய பழைய தெர்மாகோல் மீன் பெட்டி, உள்ளே கொக்கியில் வாழைத்தார் மாதிரித் தொங்கும் டியூப்கள். வருடம் முழுக்க அங்கே வேலை நடக்கும். ஏப்ரலில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் நடக்காது. அன்றைக்கு யாராவது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் கடைக்கார அண்ணன் தலையைத் தூக்காமலே, "பம்பு அங்கன இருக்கு, நீங்களே அடிச்சுக்கங்க, காசு வேணாம்" என்பார். பஞ்சரான டியூபில் காற்று எங்கே நிற்கும்? வந்தவர் முறைத்துவிட்டுப் போவார்.

அது பாரிஸ்-ரூபே நடக்கிற நாள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் வடக்கு மூலையில், பெல்ஜியத்தை ஒட்டி நடக்கிற ஒருநாள் சைக்கிள் பந்தயம். 1896இல் தொடங்கியது. பெயரில் பாரிஸ் இருந்தாலும் 1977லிருந்து அதற்கு வடக்கே கொம்பியேன் என்ற ஊரில்தான் கிளம்புகிறார்கள். 2025இல் மொத்த தூரம் 259 கிலோமீட்டர். அதில் 55 கிலோமீட்டர், 30 துண்டுகளாக, கல் பாவிய பழைய வண்டிப்பாதை. கல் என்றதும் நம்மூர் பேவர் பிளாக்கை நினைக்காதீர்கள். ஒவ்வொன்றும் உரித்த தேங்காயைவிடப் பெரியது, முதுகு வழுவழுவென்று தேய்ந்தது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சக்கரம் கடிபடுகிற அளவுக்குச் சந்து. வெயில் என்றால் புழுதி, மழை என்றால் சேறு. ஜெயித்தவருக்குப் பரிசும் அதே பாதைக் கல்தான், ஒரு பீடத்தில் பதித்துக் கொடுப்பார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது எங்கள் கூட்டத்தில் ஒருவன், "இந்தக் கல்லுக்கா இம்புட்டுப் பாடு? நம்ம கோயில் வாசல்ல எத்தனை கெடக்கு" என்றான்.

அவன் விசைப்படகில் போகிறவன். எனக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதம், மாப்ள என்றுதான் கூப்பிடுவேன். கூட்டத்தில் இன்னொருத்தன் ராமநாதபுரத்தில் காலேஜ் படிக்கிற தம்பி. கியர் சைக்கிள் வைத்திருப்பவன், எந்த வீரர் எந்த அணி, எத்தனை கிலோ எடை என்று எல்லாம் சொல்லுவான். அவனுடைய போனில்தான் பந்தயம் ஓடும். நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், ஞாயிற்றுக்கிழமை எனக்கும் வேலை இல்லை. அப்புறம் அண்ணன். நாலு பேர், ஒரு போன், அதை நிறுத்தி வைக்க ஒரு கிரீஸ் டப்பா.

இது தொடங்கியது 2021இல். கொரோனாவால் அந்த வருடப் பந்தயம் அக்டோபருக்குத் தள்ளிப்போய் நல்ல மழையில் நடந்தது. தம்பி ஒரு வீடியோத் துண்டைக் கொண்டுவந்து காட்டினான். முகம், கண், பல் எல்லாம் சேறு. உடுப்பின் நிறமே தெரியவில்லை. அண்ணன் பார்த்துவிட்டு, "நாத்து நடுற வயல்ல எதுக்குடா சைக்கிள விட்டாங்கெ?" என்று கேட்டார். முடிவில் சோனி கோல்ப்ரெல்லி என்ற இத்தாலிக்காரர் ஜெயித்தார். அந்தப் பந்தயத்தில் அவர் கலந்துகொண்டதே முதல் தடவை. கோடு தாண்டியதும் புல்தரையில் விழுந்து, சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கத்தினார். அண்ணன் அதைத் திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னார். அவர் பார்த்தது ஆளை இல்லை. "அந்தச் செயினைப் பாரு, அம்புட்டுச் சேத்துலயும் ஓடிருக்கு."

ஆளுக்கு ஆள் பார்க்கிற பார்வை வேறு. எனக்கு இந்தப் பந்தயத்தில் பாதி ருசியே பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்கள்தான்.

அரென்பெர்க் என்று ஒரு காடு. அதற்குள் நேர்கோடாக ஒரு கல்பாதை, இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று மேல். பந்தயத்திலேயே பயங்கரமான இடங்களில் ஒன்று. 1998இல் ஜோஹான் முசேவ் என்ற பெரிய வீரர் அங்கே விழுந்து முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டார். அந்த நீளத்தைக் கேட்டதும் எனக்குப் பொறிதட்டியது. பாம்பன் ரோட்டுப் பாலத்தின் நீளமும் கிட்டத்தட்ட அதேதான். "நம்ம பாலம் நெடுக கல்லை அடுக்கி வச்சு, அதுமேல அம்பது கிலோமீட்டர் வேகத்துல போனா எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். மாப்ள யோசித்தான். "கச்சான் காத்துல தார் ரோட்டுலயே சைக்கிள் சாயுது. கல்லு வேறயா?" ஆடி மாதத்தில் பாம்பன் பாலத்தில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு அவன் சொன்னது புரியும். பக்கத்தில் ஒரு பஸ் கடந்தால் காற்று ஒரு நொடி நின்று, அப்புறம் மொத்தமாக வந்து அறையும்.

அந்தக் காட்டுப்பாதையை 1968இல் பந்தயத்துக்குள் கொண்டுவந்தவர் ஜான் ஸ்டாப்லின்ஸ்கி. போலந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், உலகச் சாம்பியன் ஆனவர். சின்ன வயதில் அதே காட்டுக்கு அடியில் ஓடிய நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்திருக்கிறார். அந்த இடத்தில் கீழேயும் போனவன், மேலேயும் போனவன் நான் ஒருத்தன்தான் என்பது அவர் பெருமை. இதை நான் சொன்னதும் மாப்ள ரொம்ப நேரம் பேசவில்லை. அவன் அப்பா சங்கு குளித்தவர். "எங்கப்பாவும் அப்படித்தான் சொல்லும்" என்றான். "நீங்கள்லாம் மேல வலை போடுறீங்க, அடியில தரை எப்படிக் கெடக்குன்னு தெரியுமாடா, நான் நடந்திருக்கேன்டாம்பாரு."

அண்ணனுக்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம். அவருக்கு டயரும் காற்றும்தான். சாதாரண ரோட்டுப் பந்தயத்தில் டயரைக் கல் மாதிரி அடைத்து ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. ரூபேயில் அது செல்லாது, இப்போது 30 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான டயர் போட்டு, காற்றை நன்றாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். டயர் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்தால்தான் கல்லில் துள்ளாமல் பிடித்து ஓடும். அதே சமயம் ரொம்பக் குறைத்தால் கல்லின் விளிம்பு ரிம்மில் இடித்து டயர் போய்விடும். தம்பி இதைப் பெரிய விஞ்ஞானமாக விளக்கியபோது அண்ணன் சிரித்தார். தனுஷ்கோடிக்கு 2017இல் ரோடு திறப்பதற்கு முன்னால் வேன்கள் மணலிலும் கடல் தண்ணீரிலும்தான் போய்வந்தன. அவர் கொஞ்சகாலம் அந்த வேனில் கிளீனராக இருந்தவர். "மணல்ல எறங்குறதுக்கு முன்னாடி நாலு டயர்லயும் காத்தைப் புடுங்கி விட்டுருவோம். தார் ஏறுனதும் திரும்ப அடிப்போம். இதை வெள்ளக்காரன் இப்பத்தான் கண்டுபிடிச்சானா?"

தனுஷ்கோடி என்றதும் இன்னொன்று. இந்தப் பந்தயத்துக்கு 'வடக்கின் நரகம்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. கல்பாதையைப் பார்த்து வைத்த பெயர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. முதல் உலகப்போர் முடிந்து 1919இல் பந்தயத்தை மறுபடி நடத்த முடியுமா என்று பார்க்கப் பத்திரிகைக்காரர்கள் அந்த வழியே போயிருக்கிறார்கள். குண்டு விழுந்த குழிகள், கருகிப்போன மரங்கள், ஊர் இருந்த இடத்தில் ஊர் இல்லை. அந்தக் காட்சிக்கு வைத்த பெயர் அது. இன்றைக்கு அதைச் சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். 1964 புயலில் போன ஊரின் இடிந்த சர்ச் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற கூட்டத்தை வாரத்துக்கு ஏழு நாளும் பார்க்கிற எங்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சரி, பிரான்சில் நடக்கிற சைக்கிள் பந்தயம் மண்டபத்துக்காரனுக்கு எப்படி ஒட்டியது என்று என்னைக் கேட்டால், மாட்டுவண்டிப் பந்தயம் என்பேன். சாயல்குடி, கடலாடிப் பக்கம் திருவிழா என்றால் பந்தயம் இல்லாமல் முடியாது. பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, போக வர இத்தனை மைல் என்று ரோட்டிலேயே விடுவார்கள். டிக்கெட் கிடையாது, கேலரி கிடையாது. ரோட்டோரம்தான் இடம். விவரம் தெரிந்தவன் கிளம்புகிற இடத்திலும் நிற்க மாட்டான், கொடி வாங்குகிற இடத்திலும் நிற்க மாட்டான். எங்கே வண்டி தடுமாறுமோ அந்த வளைவில் போய் ஒரு மணி நேரம் முன்னாலேயே குத்தவைத்திருப்பான். பத்து நொடியில் எல்லா வண்டியும் கடந்துவிடும். அந்தப் பத்து நொடியில் மாட்டின் மூச்சுக் காற்று மேலே படும், சாரதியின் அதட்டல் காதில் விழும், புழுதி வாய்க்குள் போகும். கையை நீட்டினால் சக்கரம்.

ரூபேயிலும் அதேதான். அரென்பெர்க் மாதிரிச் சில இடங்களில் தடுப்பு உண்டு. மற்ற பல இடங்களில் வீரனுக்கும் ஜனத்துக்கும் நடுவே காற்றுதான் இருக்கிறது. கிரிக்கெட்டில் நம் ஆள் எழுபது கஜம் தள்ளி நிற்கிறான். கால்பந்தில் வேலி. இங்கே மட்டும் ஒரு உலகச் சாம்பியன் உங்கள் முழங்கை உரச, வாயில் நுரை தள்ளக் கடந்து போகிறார். அதற்குக் காசும் இல்லை.

கடைசிக் கட்டத்தில் வருகிற ஒரு கல்பாதைக்கு 'மரத்துச் சந்திப்பு' என்று அர்த்தம் வருகிற பிரெஞ்சுப் பெயர். எங்கள் கடையில் அது 'மரத்து முக்கு'. 2023இல் அந்த முக்கில் நடந்ததை அண்ணன் இன்னும் மறக்கவில்லை. அங்கே நுழையும்போது முன்னணியில் நெதர்லாந்தின் மாத்யூ வான் டெர் பூல், பெல்ஜியத்தின் வவுட் வான் ஆர்ட், ஜெர்மனியின் ஜான் டேகன்கோல்ப் எல்லாரும் சேர்ந்து இருந்தார்கள். டேகன்கோல்ப் இடித்து விழுந்தார். அடுத்த கொஞ்ச நேரத்தில் வான் ஆர்ட்டுக்குப் பஞ்சர். வான் டெர் பூல் தனியாகப் போய் ஜெயித்தார். வான் ஆர்ட் மூன்றாவது, டேகன்கோல்ப் ஏழாவது. எட்டு வருடம் முன்னால் அதே பந்தயத்தை ஜெயித்த டேகன்கோல்ப், மைதானத்தில் தரையில் உட்கார்ந்து அழுதார்.

அண்ணன் அன்றைக்கு ரொம்ப நேரம் தலையில் கையை வைத்தபடி இருந்தார். தினமும் பஞ்சரில் சாப்பிடுகிற மனிதர். ஆணியும் முள்ளும்தான் அவருக்குச் சோறு போடுகின்றன. "இருநூத்திச் சொச்சம் கிலோமீட்டர் வந்துட்டு, பதினஞ்சு கிலோமீட்டர்ல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஜெயித்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கவனித்தது அதைத்தான். இந்தப் பந்தயத்தில் எங்கள் கடையில் ஜெயிப்புக்குக் கைதட்டல் குறைவு. எது கெட்டுப்போகிறதோ அதற்குத்தான் 'ஐயையோ' என்று நாலு வாயும் ஒன்றாகத் திறக்கும்.

2025க்கு வருகிறேன். ஏப்ரல் 13. அன்றைக்குக் குருத்து ஞாயிறு. காலையில் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் குருத்தோலை பிடித்துப் பவனி போய்வந்தவர்களின் வண்டிகளில் ஓலைச் சிலுவை செருகியிருந்தது. மறுநாள் சித்திரை ஒன்று. அதற்கு மறுநாள் தடைக்காலம் தொடக்கம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. போன ஞாயிறுதான் புது ரயில் பாலத்தைத் திறந்திருந்தார்கள், ஊரே அந்தப் பேச்சில் இருந்தது. மாப்ள வாயில் மட்டும் பாலப் பேச்சு இல்லை, இரண்டு மாதத்துக்கு வீட்டுச் செலவு எப்படி என்கிற கணக்குதான். ஆனாலும் ஆறு மணிக்கெல்லாம் வந்துவிட்டான்.

அந்த வருடம் பொகாச்சார் வருகிறார் என்பதுதான் செய்தி. ஸ்லோவேனியாக்காரர், கோடையில் மலையெல்லாம் ஏறி மூன்று வாரம் நடக்கிற டூர் த பிரான்ஸ் பந்தயத்தை அதற்குள் மூன்று முறை ஜெயித்திருந்தவர். மலை ஏறுகிறவர்களுக்கு உடம்பு லேசாக இருக்கும். கல்பாதைக்குக் கனமான ஆள் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். டூர் ஜெயிக்கிறவர்கள் பொதுவாக இந்தப் பக்கமே வர மாட்டார்கள், கையைக் காலை உடைத்துக்கொண்டால் கோடை போய்விடும். அவர் வந்தார். தம்பி அவருடைய பக்தன். எதிரில் வான் டெர் பூல், 2023உம் 2024உம் ஜெயித்தவர். மாப்ள அவர் கட்சி. அண்ணன் யார் கட்சியும் இல்லை, பஞ்சர் ஆகிறவன் கட்சி.

ஒவ்வொருத்தராகக் கழன்று கடைசியில் இரண்டு பேரும் முன்னால் தனியே போய்க்கொண்டிருந்தார்கள். தம்பி பேச்சை நிறுத்திவிட்டான். முடிவுக்கு 38 கிலோமீட்டர். பொகாச்சார் முன்னால். ஒரு வளைவு. அவர் வந்த வேகத்துக்கு வளைவு சீக்கிரம் வந்துவிட்டது, அவ்வளவுதான். நேராகப் போய் ஓரத்துத் தட்டியில் மோதினார். சங்கிலி கழன்றது. பின்னால் வந்த வான் டெர் பூல் வளைவில் சுத்தமாகத் திரும்பிப் போய்விட்டார். இவர் குனிந்து செயினை மாட்டுகிறார், மாட்டுகிறார், அந்த நொடிகள் எங்களுக்கு எத்தனை நீளம் என்று சொல்ல முடியாது. அண்ணன் தன்னை அறியாமல் வலது கையின் இரண்டு விரலைக் கொக்கியாக வளைத்து, இல்லாத ஒரு செயினை இல்லாத ஒரு பல்சக்கரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். "பெடலைப் பின்னால சுத்துப்பா, பின்னால சுத்து."

தம்பி எழுந்து வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றான். எதிர்க்கட்சியான மாப்ள சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. "யாரும் தள்ளிவிடல, அவனா போய் இடிச்சான். அதுதான் இன்னும் வலிக்கும்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "உள்ள வாடா, இன்னும் முடியல. அவனே விடல, நீ எதுக்கு விடுற?" என்று கூப்பிட்டான்.

பொகாச்சார் விடவில்லைதான். விரட்டினார், இடைவெளி கூடிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு நிமிடம் 18 நொடி பின்னால் இரண்டாவதாக வந்தார். வான் டெர் பூலுக்குத் தொடர்ந்து மூன்றாவது வெற்றி. 1909 முதல் 1911 வரை ஆக்டேவ் லபீஸ், 1978 முதல் 1980 வரை பிரான்செஸ்கோ மோசர், அப்புறம் இவர்தான். சராசரி வேகம் மணிக்கு 47 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நம்மூர் டவுன் பஸ் ராமநாதபுரத்துக்கு அந்தச் சராசரியில் போனால் நான் வேலைக்குத் தினமும் நேரத்துக்குப் போயிருப்பேன்.

தம்பியைத் தேற்ற நான் ஒரு கதை சொன்னேன். கதையில்லை, நடந்தது. வான் டெர் பூலின் அம்மாவைப் பெற்ற தாத்தா ரேமோன் பூலிதோர். பிரான்சில் அந்தப் பெயரைச் சொன்னால் வயதானவர்கள் முகம் மலரும். டூர் த பிரான்சில் மூன்று முறை இரண்டாவது, ஐந்து முறை மூன்றாவது. முதல் ஆள் போடுகிற மஞ்சள் சட்டையை வாழ்நாளில் ஒருநாள் கூடப் போட்டதில்லை. அவரைத் தோற்கடித்த ஆன்கெத்திலை ஜனங்கள் மதித்தார்கள், பூலிதோரைத்தான் வீட்டுப் பிள்ளையாக நினைத்தார்கள். அவர் 2019இல் இறந்துபோனார். 2021இல் பேரன் அதே மஞ்சள் சட்டையை வாங்கிப் போட்டபோது வானத்தைக் காட்டி அழுதார். "அதனால இரண்டாவது வந்தா ஒண்ணும் குறைஞ்சு போகலடா" என்று முடித்தேன். தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். "அண்ணே, நீங்க இப்ப அவங்க கட்சிக் கதையத்தான் சொல்லிருக்கீங்க." வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் அந்த ராத்திரி எனக்கு மிஞ்சியது இதெல்லாம் இல்லை. கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பொகாச்சார் மோதிய பிறகு, வான் டெர் பூல் தனியாகப் போய்க்கொண்டிருந்த நேரம். கல்பாதையின் ஓரத்தில் ஜனம் நெருக்கியடித்து நிற்கிறது. கூட்டத்திலிருந்து ஒரு கை. தண்ணீர் நிறைந்த ஒரு பாட்டில் நேராக வந்து அவர் முகத்தில் அடித்தது. தலை ஒரு வெட்டு வெட்டியது. எப்படி விழாமல் போனார் என்று தெரியவில்லை. காலிப் பாட்டில் இல்லை, கனத்த பாட்டில். இது முதல் தடவையும் இல்லை. முந்தின வருடம் இதே பந்தயத்தில் அவர் சக்கரத்தை நோக்கி ஒரு தொப்பி வந்தது, நல்ல வேளை சிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் பெல்ஜியத்துப் பந்தயம் ஒன்றில் யாரோ துப்பியிருந்தார்கள்.

கடை கொதித்தது. "அவனைப் புடிச்சு வேப்ப மரத்துல கட்டணும்" என்றார் அண்ணன். பொகாச்சார் பக்தனான தம்பிதான் எல்லாரையும்விடச் சத்தம் போட்டான். "எங்காளு தோத்ததுக்கு இவன் யாரு எறியுறதுக்கு?" மாப்ள பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. டீ கிளாசைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போனேன்.

எனக்குப் பதின்மூன்று வயது. சாயல்குடிப் பக்கம் அம்மாச்சி ஊர். பந்தயத்தில் எங்கள் ஊர்ப் பெரிய மாட்டு வண்டி இரண்டாவதாக வந்துகொண்டிருந்தது, எங்கள் மாமா துணைச் சாரதி. முன்னால் பக்கத்து ஊர் வண்டி. நான் கண்மாய்க் கரை வளைவில் நிற்கிறேன், கையில் நோண்டித் தின்று முடித்த நுங்குக் காய். யோசித்து எறியவில்லை என்று சொல்லலாம். பொய். வண்டி தூரத்தில் தெரிந்தபோதே கை அதைச் சுற்றி இறுகியது எனக்கு நினைவிருக்கிறது. முன்வண்டி வளைவுக்கு வந்ததும் எறிந்தேன். வலத்தி மாட்டின் நெற்றியில் பட்டது. மாடு மிரண்டு இடத்தி மாட்டை நெருக்க, ஒரு சக்கரம் கரையை விட்டு இறங்கியது. சாரதி கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தார். எங்கள் வண்டி கடந்து போனது, கொடியை வாங்கியது. ஜனம் மாமாவைத் தோளில் தூக்கியது. நான் சட்டையில் கையைத் துடைத்தேன், நுங்குத் தண்ணீரின் பிசுபிசுப்பு போகவில்லை.

விழுந்தவர் எழுந்து நடந்து வந்தார். முழங்கையில் தோல் இல்லை. மாட்டுக்கு ஒன்றுமில்லை என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் தன் கையையே பார்த்தார். யார் எறிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ராத்திரி சோறு தின்னும்போது மாமா தலையைத் தூக்காமல் கேட்டார். "எறிஞ்சது நீதான?" நான் பேசவில்லை. "அந்தாளு போன வருசம் வரைக்கும் எங்கூட ஒரே வண்டியில ஓட்டுனவன்டா." அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அடுத்த திருவிழாவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, அதற்கு அடுத்ததற்கும்.

பாட்டில் எறிந்த ஆள் பிறகு பெல்ஜியத்தில் தானாகவே போய்ப் போலீசில் சொல்லிவிட்டார் என்று செய்தி வந்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்த ஆள் மேல் கோபம் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது.

கிளாசைக் கழுவிவிட்டு வந்தபோது வான் டெர் பூல் மைதானத்துக்குள் நுழைந்திருந்தார். ரூபேயில் பந்தயம் ஒரு பழைய சைக்கிள் மைதானத்தில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி முடியும். பக்கத்திலேயே குளியலறை. இடுப்பளவு சிமெண்ட் தடுப்புகள், சங்கிலியை இழுத்தால் தலையில் தண்ணீர், ஒவ்வொரு தடுப்பிலும் பழைய வெற்றியாளர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. இப்போது முக்கால்வாசிப் பேர் அணிப் பேருந்திலேயே குளித்துவிடுகிறார்கள், ஆனாலும் சிலர் அங்கே போகாமல் விட மாட்டார்கள். தம்பி அதன் படத்தைக் காட்டியதும் மாப்ள, "ராமேஸ்வரத்துல இருபத்திரண்டு தீர்த்தம், இங்க எத்தனை?" என்றான். அதில்தான் தம்பி சிரித்தான். அன்றைக்கு அவன் சிரித்த முதல் சிரிப்பு.

மணி எட்டரை தாண்டிவிட்டது. இன்னும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், தனித்தனியாக, புழுதி அப்பிய முகத்தோடு. அண்ணன் பம்பை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார். "கடைசியா வர்றவன் வரைக்கும் அந்த மைதானத்தைத் தொறந்து வச்சிருப்பாங்களா?"

நேரக் கணக்கு உண்டு, அதைத் தாண்டி வந்தால் பட்டியலில் பெயர் இருக்காது என்றேன். அப்புறம் 2018இல் நடந்ததைச் சொன்னேன். லித்துவேனியாக்காரர் ஒருவர், எவால்டஸ் ஷிஷ்கெவிசியஸ். டயர் போய், தனியாக, எல்லாரும் போன பிறகு வந்து சேர்ந்தார். பந்தயம் முடிந்து கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மைதானக் கதவைச் சாத்திவிட்டார்கள். திறக்கச் சொல்லிக் கேட்டார். திறந்துவிட்டார்கள். யாருமில்லாத மைதானத்தில் அந்தச் சுற்றையும் சுற்றி முடித்துவிட்டுத்தான் இறங்கினார். பட்டியலில் பெயர் இல்லை.

"பெறகு?"

"அடுத்த வருசம் அதே பந்தயத்துல ஒன்பதாவது வந்தாரு."

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மாப்ள கிளம்பினான், தம்பி போனை எடுத்துக்கொண்டான். தகரக் கதவைப் பாதி இழுத்திருந்த நேரத்தில் வாசலில் ஒரு ஆள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். சாயங்காலம் முறைத்துவிட்டுப் போன அதே ஆள். இந்நேரம் வரைக்கும் எங்கே தள்ளிக்கொண்டு திரிந்தாரோ. கேரியரில் ஒரு குருத்தோலைச் சிலுவை வாடிக் கிடந்தது. "கடை சாத்தியாச்சாண்ணே?" என்று கேட்டார்.

அண்ணன் கதவைத் திரும்பத் தள்ளித் திறந்தார். வண்டியைக் கவிழ்த்து, டயரை நெம்பி, டியூபை உருவி, காற்றடித்து மீன் பெட்டித் தண்ணீரில் முக்கினார். நான் போன் வெளிச்சத்தைக் காட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக டியூபைச் சுற்றிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் சின்னக் கொப்புளங்கள் வரிசையாக மேலே வந்தன. அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒன்பதாவதாவா வந்தான்?"